இரவு பத்து மணிக்கு ‘நம்ம சென்னை’

மார்ச் மாதம் முடியப் போகிறது என்று எனக்கு நாள்காட்டி சொல்ல வேண்டியதில்லை. நேயர்களின் வாட்ஸ்அப் செய்திகளே சொல்லிவிடும். அதுவரை பிறந்தநாள் வாழ்த்தும் இளையராஜா பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “அண்ணே, டாஸ் யாரு ஜெயிச்சது?” என்று ஆரம்பிப்பார்கள். “நம்ம சென்னை எத்தனை அடிச்சிருக்கு லா? பாட்டுக்கு நடுவுல கொஞ்சம் சொல்லுங்க” என்று அடுத்த செய்தி வரும். ஐபிஎல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தியாவில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு 10 மணி. முடியும்போது ஒன்றரை மணியைத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் அப்பாவுக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி. இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாமாக் கடைகளின் பெரிய திரைக்கு முன்னால் மஞ்சள் சட்டைகள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். தே தாரேக் ஆறிப்போவதுகூடத் தெரியாது.

நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கிரிக்கெட் விஷயத்தில் நண்பர்கள் என்னைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பதுகளில் இருந்தாலும் எனக்குப் பிடித்தது ஐந்து நாள் ஆட்டம். நாள் முழுக்க ஆடி, கடைசியில் யாரும் ஜெயிக்காமல் கைகுலுக்கிவிட்டுப் போவதிலும் ஒரு சுவை இருக்கிறது என்று நம்புகிறவன். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு மாதமும் எனக்குக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கழிகிறது. அந்தச் சந்தேகம் எதன் மீது என்பதை இந்த வாரம் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பணம் புதிதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘அந்தக் காலத்து கிரிக்கெட் புனிதம், இந்தக் காலத்துது வியாபாரம்’ என்று பேசும் கூட்டத்தில் நான் இல்லை. இங்கிலாந்துக் கவுண்டி அணிகளுக்காக 1963-இல் ஒருநாள் போட்டி தொடங்கியபோது அதற்குப் பெயர் ஜில்லெட் கோப்பை. சவர பிளேடு நிறுவனத்தின் பெயர். 1977-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர், உலகின் பெரிய வீரர்களைச் சம்பளம் கொடுத்து இழுத்துத் தனியாகவே போட்டி நடத்தினார். இரவு விளக்கு, வண்ணச் சட்டை, வெள்ளைப் பந்து எல்லாம் அவர் நடத்திய போட்டி வழியாகத்தான் பிரபலமாயின. அன்று ‘சர்க்கஸ்’ என்று அதைக் கேலி செய்தார்கள். பிறகு அதே வண்ணச் சட்டையில்தான் நாம் எல்லாரும் உலகக் கிண்ணம் பார்த்தோம்.

நம் மண்ணிலும் பழைய கிரிக்கெட் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று நாம் சொல்லும் பாடாங்கில், சிலாங்கூர் கிளப்பின் எதிரே, வெள்ளைக்காரத் துரைமார்கள் மட்டை பிடித்தார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது காற்பந்துதான். கிரிக்கெட் மட்டை கைக்கு வந்த நம்மவர்கள் பெரும்பாலும் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள். ஆகவே வெள்ளை உடுப்பைக் காட்டி ஏங்கிப் பெருமூச்சு விட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் இருபது ஓவராகச் சுருங்கியதும் எனக்குப் பெரிய குறையில்லை. என் சந்தேகம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

யார் அந்த ‘நம்ம’?

‘நம்ம சென்னை’ என்று நேயர்கள் எழுதும்போது அதில் உண்மையான பாசம் இருக்கிறது. தாத்தா பாட்டி கப்பலேறிய ஊர்ப்பக்கம், தி.நகரில் கல்யாணப் பட்டு வாங்கிய ஊர், சினிமாவில் பார்த்த ஊர். அந்தப் பாசத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த லீக்கில் விற்கப்படும் சரக்கே அந்தப் பாசம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தினேஷ் கார்த்திக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்தவர், தமிழ்நாட்டு அணிக்கு ஆண்டுக் கணக்கில் விக்கெட் கீப்பராக நின்றவர். 2008 முதல் 2024 வரை டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என்று ஆறு அணிகளின் சட்டையைப் போட்டார். சென்னை சட்டை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2008 ஏலத்தில் 15 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சென்னை வாங்கியது ராஞ்சிக்காரர் தோனியை. அவர் நம் மனத்தில் ‘தல’ ஆனது வேறு கதை. பந்தயச் சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 ஆகிய இரு பருவங்களுக்குச் சென்னை அணி தடை செய்யப்பட்டபோது, அந்தத் ‘தல’ புனே சட்டையில் ஆடினார். அப்போது பாதிப் பேர் புனேவுக்குக் கைதட்டினார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு அணி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆடி வளர்ந்த பையன்களைக் கொண்டு, ரஞ்சிக் கோப்பைக்காக நான்கு நாள் ஆட்டம் ஆடும் தமிழ்நாடு அணி. அது கடைசியாகக் கோப்பை வென்றது 1987–88 பருவத்தில். நான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்த இத்தனை ஆண்டுகளில், “தமிழ்நாடு அடுத்த ரஞ்சி ஆட்டத்துல யாரோட மோதுது?” என்று ஒரு நேயர்கூடக் கேட்டதில்லை.

மூச்சு விடும் நேரமும் விலைக்கு

இரண்டாவது சந்தேகம் என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் விளம்பரத்தில் வயிறு வளர்ப்பவன். வானொலியில் முப்பது விநாடிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். விளம்பரம் இல்லையென்றால் எனக்குச் சம்பளம் இல்லை. அதனால் ஐபிஎல் கணக்கைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, தலைதான் சுற்றுகிறது.

2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் போட்ட விலை அது. வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 240 பந்து. அப்படியென்றால் ஒரு பந்தின் விலை ஏறக்குறைய 49 லட்சம் ரூபாய். பந்து வீச்சாளர் வேட்டி கட்டுவதுபோல் கால்சட்டையைச் சரி செய்துகொண்டு நின்றால், நின்ற நேரத்துக்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள்.

இந்த விலைக்கு வாங்கியவர் ஓர் இடைவெளியையும் சும்மா விட முடியாது. 2009-இல் ‘வியூக இடைவேளை’ என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். இப்போது ஓர் இன்னிங்ஸுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். ஓர் ஆட்டத்தில் மொத்தம் பத்து நிமிடம். நேரத்தைச் சுருக்கத்தான் இருபது ஓவர் என்றார்கள். சுருக்கிய நேரத்தில் பத்து நிமிடத்தை எடுத்து மறுபடி விற்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் சிக்ஸருக்குக்கூட விளம்பரதாரர் பெயர் இருந்தது: ‘டிஎல்எஃப் மேக்சிமம்’. நாங்கள் வானொலியில் நிகழ்ச்சி முடிந்து ‘இனி விளம்பரம்’ என்று ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் விற்போம். அங்கே வர்ணனையாளரின் வாக்கியத்துக்குள்ளேயே விளம்பரம் நுழைந்துவிட்டது.

இதில் காணாமல் போவது என்ன? ரசிகன் தானாக முடிவெடுக்கும் கணம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு 136 அடித்த டெண்டுல்கர் ஆட்டமிழந்த பிறகு நான்கு ஓட்டங்களுக்குள் மிச்ச விக்கெட்டுகளையும் இழந்து, 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கம் சில நொடிகள் ஊமையாகி நின்றது. பிறகு சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அந்தக் கைதட்டலுக்கு யாரும் பாட்டு போடவில்லை, திரையில் ‘சத்தம் போடுங்கள்’ என்று எழுத்து ஓடவில்லை. நான்கு நாள் பார்த்த ஆட்டத்தை எடை போட்டு, எதிரி ஜெயித்தாலும் நன்றாக ஆடினான் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

நாள்காட்டியில் இடமில்லை

மூன்றாவது சந்தேகம்தான் எனக்கு மிகப் பெரியது. ஒரு லீக் மற்றதைத் தின்றால்தான் வளர முடியும் என்ற நிலை. சென்னை முதலாளிகளுக்கு இன்று ஜோஹன்னஸ்பர்க்கிலும் அமெரிக்காவின் டெக்சஸிலும் ‘சூப்பர் கிங்ஸ்’ அணிகள் இருக்கின்றன. மும்பைக்கு கேப்டவுன், நியூயார்க், எமிரேட்ஸ். ஆண்டில் நாள் 365-தான்.

2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு டெஸ்ட் தொடர் ஆடப் போக வேண்டியிருந்தது. அதே நேரத்தில் அவர்களுடைய சொந்த இருபது ஓவர் லீக். முன்னணி வீரர்கள் லீக்கில் இருந்தார்கள். நியூசிலாந்துக்குப் போன அணியின் தலைவர் நீல் பிராண்டுக்கே அதுதான் முதல் டெஸ்ட். தொடரை 2–0 என்று இழந்தார்கள். தென்னாப்பிரிக்காவிடம் நியூசிலாந்து டெஸ்ட் தொடர் வென்றது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. அந்த வெற்றியை நியூசிலாந்துக்காரர்களாலேயே முழு மனத்தோடு கொண்டாடியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். பிறகு 2025 ஜூனில் முழு பலத்தோடு லார்ட்ஸுக்குப் போன அதே தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் விருதைத் தூக்கியது. திறமை எங்கும் போய்விடவில்லை. அதற்கு நாள் ஒதுக்கினால் போதும்.

“இதெல்லாம் இந்தியா, தென்னாப்பிரிக்கா கவலை. நமக்கென்ன வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலை என் அக்கா மகன்தான் எனக்குக் காட்டினான்.

“அது எந்த டீம் மாமா?”

அவன் கிள்ளானில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். பெருக்கல் வாய்பாட்டைவிட ஏல விலைப்பட்டியல் அவனுக்கு நன்றாக மனப்பாடம். “மாமா, ரிஷப் பந்த் 27 கோடி. லக்னோ வாங்குச்சு” என்பான். தப்பில்லை, விலை சரிதான். ஒருநாள் அவனிடம் கேட்டேன், “பண்டமாரான்ல பாயு எமாஸ் ஓவல் இருக்கே, தெரியுமா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “அது எந்த டீம் மாமா?”

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், இதே கேள்வியை என் அலுவலக நண்பர்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று தோன்றியது. நம் வாசலில் நடந்ததையெல்லாம் ஒரு தடவை எண்ணிப் பார்ப்போமா?

கோலாலம்பூரில் 1909-இல் பிறந்தவர் லால் சிங். 1932-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸில் ஆடியபோது அந்தப் பதினொருவரில் அவரும் ஒருவர். ஆக, இந்திய டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் பக்கத்திலேயே நம் ஊர்க்காரர் இருக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லை, பங்சார் பக்கம் உள்ள கிலாட் கிளப் திடல். 1997 ஏப்ரலில் அங்கேதான் ஐசிசி கிண்ண இறுதியாட்டம். மழையால் இரண்டு நாளாக இழுத்த ஆட்டத்தில், கடைசிப் பந்தில் ஓர் ஓட்டம் ஓடி கென்யாவைத் தோற்கடித்தது வங்காளதேசம். மூன்று ஆண்டுகளில் அவர்கள் டெஸ்ட் நாடானார்கள். ஒரு தேசத்தின் கிரிக்கெட் கதை திரும்பிய இடத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிறோம்.

பூச்சோங் கின்ராரா ஓவல். 2006 செப்டம்பரில் இந்தியா, ஆஸ்திரேலியா, வெஸ்ட் இண்டீஸ் மோதிய முத்தரப்புத் தொடரில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 அடித்த இடம். அந்தத் தொடருக்கு டிஎல்எஃப் கிண்ணம் என்று பெயர். பின்னாளில் ஐபிஎல் சிக்ஸருக்குப் பெயர் கொடுத்த அதே வீட்டுமனை நிறுவனம்தான். 2008 மார்ச் 2-இல் அதே திடலில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை விராட் கோலி தூக்கினார். அதற்குச் சரியாக 47 நாள் கழித்து, ஏப்ரல் 18-இல் பெங்களூரில் ஐபிஎல்லின் முதல் ஆட்டம். அன்று பெங்களூரு சட்டையில் இறங்கிய கோலி எடுத்தது ஒரே ஓர் ஓட்டம். எதிரணியின் மெக்கல்லம் எடுத்தது 158. புதிய காலம் தொடங்குவதற்கு முந்தைய கடைசிக் காட்சிகளில் ஒன்று நம் பூச்சோங்கில் நடந்திருக்கிறது.

குட்டி ஆட்டம் நமக்குச் செய்தது

இப்போது பண்டமாரானுக்கு வருகிறேன். 2019 ஜனவரி முதல் எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் இருபது ஓவர் ஆட்டங்களுக்கும் ஐசிசி அனைத்துலகத் தகுதி கொடுத்தது. மலேசியா டெஸ்ட் ஆடும் நாடு அல்ல. நம் பையன்கள் நாட்டுச் சட்டையைப் போட்டு உலகத்தோடு மோதுவதற்குக் கிடைத்த பெரிய வாசல் இந்தக் குட்டி ஆட்டம்தான். இதனால்தான் இருபது ஓவரை நான் திட்ட மறுக்கிறேன்.

2023 ஜூலை 26. பாயு எமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக சியாஸ்ருல் இட்ருஸ் நான்கு ஓவர் வீசினார். எட்டு ஓட்டம் கொடுத்து ஏழு விக்கெட். ஏழும் ஸ்டம்பைச் சாய்த்தவை. ஆண்கள் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் அதற்கு முன் உலகத்தில் யாருமே ஏழு விக்கெட் எடுத்ததில்லை. கிள்ளானில் நடந்த அந்தச் சாதனையைக் கிள்ளானில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பேசினோம்?

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணம் நம் நாட்டில் நடந்தது. மலேசியப் பெண்கள் அந்தப் போட்டியில் முதல் முறையாக ஆடினார்கள். இதே பண்டமாரானில் இந்தியாவுக்கு எதிராக 31 ஓட்டங்களில் சுருண்டார்கள். அதே இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பெண் கமலினி இருந்தார். ஒரு மாதத்துக்கு முன்புதான், 16 வயதில், மகளிர் லீக் ஏலத்தில் 1.6 கோடி ரூபாய்க்கு மும்பை அவரை வாங்கியிருந்தது. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 எடுத்தார்.

லீக்குகளுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களுக்கு இது நல்ல சாட்சி. நடராஜன் இன்னொரு சாட்சி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டிஎன்பிஎல், ஐபிஎல் என்று படியேறி, 2020–21-இல் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். லீக் இல்லையென்றால் அந்த இடதுகை யார்க்கர் ஊர்த் திடலோடு நின்றிருக்கக்கூடும். இதை மறுத்தால் நான் நேர்மையான ரசிகன் அல்ல.

ஆனால் கமலினியும் நடராஜனும் ஏலத்துக்கு வருவதற்கு முன்னால் அவர்களுக்கு ஆட ஒரு திடலும் கற்றுக்கொடுக்க ஓர் ஆளும் இருந்திருக்க வேண்டும். லீக் பணத்தில் ஒரு பங்கு அங்கே மறுபடி திடலுக்குத் திரும்புகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் கட்டும் மாதச் சந்தாவும், வாங்கும் மஞ்சள் சட்டையும், விழிக்கும் இரவும் எந்தத் திடலுக்குத் திரும்புகின்றன? 31 ஓட்டங்களில் சுருண்ட அந்தப் பெண்களின் தம்பி தங்கைகளுக்கு ஒரு மட்டை வாங்கக்கூட அதிலிருந்து காசு வருவதில்லை. நாம் உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் சந்தைக்கு நல்ல வாடிக்கையாளர்கள். நம் தெருக்கோடித் திடலுக்கு யாரோ போல நிற்கிறோம்.

ஆகவே, ‘ஐபிஎல் பார்க்காதீர்கள்’ என்று நான் சொல்லப் போவதில்லை. நேயர்கள் ஸ்கோர் கேட்டால் தொடர்ந்து சொல்வேன். கேட்பது ஒன்றுதான். ஒரு பருவத்தில் எழுபது ஆட்டத்துக்கு மேல் நடக்கிறது. அதில் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுங்கள். அந்த மூன்றரை மணி நேரத்தை ஒரு வார இறுதியில் பிள்ளைகளோடு உள்ளூர்த் திடலில் செலவிடுங்கள். பிள்ளையின் பள்ளியில் புறப்பாட நடவடிக்கையில் கிரிக்கெட் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் அக்கா மகனை ஒரு சனிக்கிழமை காலை கிளப் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். முதல் அரை மணி நேரம் அவனுக்குப் பொறுக்கவில்லை. “ரீப்ளே போட மாட்டாங்களா?” என்றான். “பாட்டே இல்லையே” என்றான். பிறகு ஒரு பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் உருண்டு வந்தது. ஓடிப் போய் எடுத்தான். கையில் வைத்து உருட்டிப் பார்த்தான், தையலைத் தடவினான். தூரத்தில் நின்ற ஆட்டக்காரர், “தம்பி, போடுப்பா!” என்று கத்தினார். முழு பலத்தையும் கூட்டி வீசினான். பந்து பாதி வழியில் விழுந்து உருண்டு போனது.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “இவ்ளோ கல்லு மாதிரி இருக்கும்னு டிவியில தெரியவே இல்ல மாமா.” அடுத்த ஒரு மணி நேரம் அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. மறுபடி ஒரு பந்து நம் பக்கம் வருமா என்று எல்லைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.